இடம், தொழில், மக்கள்

மாட்டுங்கா, தாராவி, செம்பூர்: மும்பைத் தமிழரின் மூன்று முகவரிகளில் மானுடப் புவியியலின் முதல் பாடம்

மத்திய ரயில்வேயின் மின்சார வண்டி மாட்டுங்காவை விட்டால் அடுத்த நிலையம் சயான். அதன் மேற்குப் பக்கம் இறங்கினால் தாராவி. அதற்கும் அடுத்த குர்லாவில் ஹார்பர் வண்டிக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் செம்பூர். மூன்று இடங்களிலும் தமிழில் வழி கேட்கலாம்; தமிழிலேயே பதில் கிடைக்கும். ஆனால் மூன்று தமிழும் ஒன்றல்ல. மாட்டுங்காவில் பாலக்காட்டு வாடை. தாராவியில் நெல்லைச் சீமையின் இழுப்பு. செம்பூரில் இரண்டும் கலந்து, ஊடே மராத்தியும் இந்தியும் ஓடும்.

பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கச் சேரும் மாணவர் தொடக்கத்திலேயே சந்திக்கும் பாடம் மானுடப் புவியியல். மலை, மழை, மண் எல்லாவற்றையும் இயற்கைப் புவியியல் பார்த்துக்கொள்கிறது. இங்கே கேள்வி வேறு: யார், எங்கே, ஏன் அங்கே? இடப்பெயர்வு, குடியிருப்பு, நிலப் பயன்பாடு, ஒதுக்கிவைத்தல் என்று அத்தியாயங்கள் வரும். பரீட்சைத் தாளில் சிகாகோவை உதாரணம் காட்டும் மும்பை மாணவருக்கு, ரயில் பாஸ் செல்லும் தூரத்திலேயே பாடம் முழுவதும் கிடக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தத் துறை அந்நியமல்ல. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, உணவு, தொழில், தெய்வம், பறை அனைத்தையும் அதையொட்டி அடுக்கிய தொல்காப்பியத்தை எம்.ஏ. வகுப்பில் இலக்கணம் என்று சொல்லி நடத்துகிறார்கள். ஏறக்குறைய அதே அடுக்கை இடம், தொழில், மக்கள் என்று மூன்று சொல்லில் சுருக்கி, பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தவர் பேட்ரிக் கெடிஸ்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

ஸ்காட்லாந்துக்காரரான கெடிஸ் தாவரவியல் பேராசிரியர். நகரத்தையும் ஓர் உயிராகவே பார்த்தவர். சென்னை கவர்னர் பெண்ட்லண்டின் அழைப்பை ஏற்று 1914ல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவருடைய நகரக் கண்காட்சியின் வரைபடங்களும் படங்களும் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் தனியே வந்தன. சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன், சில வாரங்களில் அந்தக் கப்பலையும் கடலுக்கடியில் அனுப்பியது. நண்பர்கள் மறுபடி சேகரித்து அனுப்ப, 1915ல் சென்னையில் கண்காட்சி நடந்தது.

மதுரை, தஞ்சாவூர் தெருக்களை நடந்தே பார்த்து அறிக்கை எழுதினார் கெடிஸ். நெரிசல் என்றதும் ஊரை இடித்து அகலச் சாலை போடும் என்ஜினீயர்களுடன் அவருக்கு ஒத்துப்போகவில்லை. முதலில் நட, பார், கணக்கெடு. பிறகு தேவையான இடத்தில் மட்டும் கை வை என்பது அவர் கட்சி. நோயின் மூலத்தை அறிந்த பிறகே மருந்து என்ற வள்ளுவர் வைத்தியம்தான் இது. 1919ல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியல், குடிமையியல் துறையைத் தொடங்கி அவரை முதல் பேராசிரியராக்கியது. 1924 வரை அங்கே இருந்தார். அவருடைய மூன்று சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டுங்காவில் இறங்கலாம்.

பிளேக் தந்த தெரு

1896ல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசலைக் குறைக்க 1898ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. டிரஸ்ட் வடக்கே வகுத்த தாதர்-மாட்டுங்கா திட்டத்தில் தெருக்கள் அகலமானவை, நடுநடுவே பூங்காக்கள். பின்னர் அங்கே அடுக்குமாடிகள் எழுந்தன. குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே இருப்பது அன்றைய பம்பாய்க்குப் புதுமை. ஆங்கிலம், தட்டெழுத்து, சுருக்கெழுத்து மூன்றையும் மூலதனமாகக் கொண்டு கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள், பெரும்பாலும் பிராமணர்கள், இங்கே குடியேறினார்கள். தஞ்சாவூர், பாலக்காடு, மைசூர் என்று தனித்தனி ஊர்க்காரராக வந்தவர்கள் இந்த அடுக்குமாடிகளில்தான் 'தென்னிந்தியர்' ஆனார்கள் என்கிறது, வரலாற்றாசிரியர் நிகில் ராவ் மாட்டுங்காவை ஆராய்ந்து 2013ல் வெளியிட்ட நூல்.

ஒருவர் வந்தால் உறவு பின்னால் வரும். உறவு வந்தால் கோயில், பள்ளி, சாப்பாட்டுக் கடை, சபா எல்லாம் வரும். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932ல் தொடங்கியது. ரயில் நிலையத்தருகே ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங் 1942ல் இலை போட ஆரம்பித்தது. சற்றுத் தள்ளி சண்முகானந்தா அரங்கம். பூக்கடைத் தெருவில் இன்றும் மல்லிகை கட்டுகிறார்கள். 1966ல் பிறந்த சிவசேனை 'மதராசி' எதிர்ப்பைக் கையிலெடுத்தபோதும் மாட்டுங்கா மாட்டுங்காவாகவே இருந்தது. அதற்குப் பட்டா இருந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த இன்னொரு தமிழ் ஊருக்கு அது இல்லை.

நகராத தாராவி

மாட்டுங்காவில் நேர்கோட்டுத் தெரு வரைந்த அதே நகரம், நாற்றமடிக்கும் தொழில்களை ஓரத்துக்குத் தள்ளியது. அன்றைய ஓரம், மாஹிம் கழிமுகத்தின் சதுப்பில் கோலி மீனவர்கள் வாழ்ந்த தாராவி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் கூடங்கள் அங்கே முளைத்தன. தொழில் தெரிந்த தமிழ் முஸ்லிம்கள் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துத் தலித்துகள் வந்தார்கள். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பார்வாடாவை உண்டாக்கினார்கள். மண்ணையும் குப்பையையும் கொட்டிச் சதுப்பை மேடாக்கி அதன்மேல் குடிசை போட்டார்கள்.

மாட்டுங்காவுக்கு வந்தவரும் தாராவிக்கு வந்தவரும் பேசியது ஒரே மொழி. தெற்கிலிருந்து ஏறி வந்ததும் ஒரே ரயில். எங்கே இறங்குவது என்பதைச் சாதியும் படிப்பும் புறப்படும் முன்பே தீர்மானித்துவிட்டன. உந்து காரணி, ஈர்ப்புக் காரணி என்று பாடநூல் பிரித்துச் சொல்வதை இங்கே பிரிப்பது சுலபமல்ல. இடப்பெயர்வுக்கு விதிகள் எழுதிய ரேவன்ஸ்டைன், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எதிரோட்டம் உண்டு என்று 1885லேயே சொன்னார். கோயில் கொடைக்கு ஊர் திரும்பும் 'பம்பாய்க்காரர்களை' நெல்லைக் கிராமங்கள் அறியும்.

நகரம் மையத்திலிருந்து வளையம் வளையமாக விரியும் என்று 1925ல் சிகாகோவைப் பார்த்து எழுதினார் பர்ஜஸ். தாராவியில் அந்த வளையங்கள் குழம்புகின்றன. பம்பாய் வடக்கே வளர வளர, விளிம்பில் இருந்த தாராவி இருந்த இடத்திலேயே நடுவுக்கு வந்துவிட்டது. இரு பக்கமும் ரயில் பாதை. மித்தி ஆற்றுக்கு அப்பால் பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவே சுமார் 600 ஏக்கர். சதுப்பாக இருந்தவரை யாரும் கேட்காத நிலம் அது.

செம்பூரின் இரண்டு வாசல்

கெடிஸின் மூன்று சொல்லில் தொழிலை முதலில் வைத்தால் செம்பூர் புரியும். பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளுக்கு முகாம் அமைந்த இடம். 1950களில் பக்கத்து டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தன. உத்தியோகம் கிடைத்த தமிழர்கள் இங்கே வீடு பார்த்தார்கள். மாட்டுங்காவில் இடம் போதாத அடுத்த தலைமுறையும் சேர்ந்துகொண்டது. சேடா நகர் முருகன் கோயிலில் திருப்புகழ் கேட்பது அந்தச் செம்பூர்.

அணுசக்தி நிலையத்தை ஒட்டி இன்னொரு செம்பூர் இருந்தது: ஜனதா காலனி. கோலார் தங்கவயலில் பிறந்து பிழைப்புக்கு வந்த ஜாக்கின் அற்புதம் அங்கேதான் மக்களைத் திரட்டினார். காலனியில் அள்ளாத குப்பையைச் சிறுவர்களை வைத்து அள்ளி, மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டியது அவருடைய முதல் போராட்டம். நெருக்கடி நிலையின்போது 1976ல் காலனி இடிக்கப்பட்டு, மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். அதிலிருந்து அவர் கற்ற பாடம்: கணக்கில் இல்லாதவனுக்கு இடமில்லை. அவர் கட்டிய தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனம் குடிசைவாசிகளையே கணக்கெடுப்பாளர்களாக்கியது. கதவுக்குக் கதவு எண் போட்டு, ஆள் எண்ணி, வரைபடம் வரைந்தார்கள். பல நாடுகளின் சேரிகள் பின்பற்றிய முறை இது. 2000ல் மகசேசே விருது பெற்ற அற்புதம் 2018ல் மறைந்தார்.

ஏணிக்கு மேலே இருப்பவர்

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பவர் என்று காகிதம் காட்டினால், தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னால் வந்தவர்களுக்கும், ஏணி வைத்து ஏறும் மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு. அதற்குப் பணமோ வாடகையோ தர வேண்டும். இதற்கு ஒதுக்கப்பட்ட நிலங்களில் ஒன்று, 1927 முதல் நகரத்தின் குப்பை விழும் தேவ்னார் கிடங்கின் ஒரு பகுதி.

பொதுக் கழிப்பறை வாசலில் விடியுமுன்னே வரிசையில் நிற்பவர்கள் சொந்தக் கழிப்பறையுள்ள வீட்டை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. மாட்டுங்காவுக்கு 90 ஆண்டுகளுக்கு முன் கிடைத்த வசதி அது. அவர்கள் கேட்பது, அது எங்கே என்பதைத்தான். 1970களில் ஆட்டுத்தொட்டி பாந்த்ராவிலிருந்து தேவ்னாருக்குப் போனது. தாராவியின் பதனிடும் தொழிலும் மெல்லத் தேய்ந்தது. இடம் மாறினால் தொழில் என்னாகும் என்பதைத் தாராவி ஒருமுறை பார்த்திருக்கிறது.

விடியற்காலையில் தாராவியின் தமிழ்க் குடும்பங்கள் இட்லி அவிக்கின்றன. பொழுது புலர்ந்ததும் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரமெங்கும் விற்கப் போகிறார்கள். சயானிலிருந்து தேவ்னாருக்கு இறங்கும் கோவண்டி நான்கே நிலையம்தான். சைக்கிளில் சட்னித் தூக்கோடு கிளம்புபவருக்கு அந்த நான்கு நிலையம் எவ்வளவு தூரம் என்று கணக்கிடத் தெரிந்த மாணவர், முதலாண்டுப் பாடத்தைப் படித்துவிட்டார்.