வாடகைப்படியும் வாடகை வீடும்

ஈரோடு சந்திப்பில் விடியற்காலையில் கோவை செல்லும் வண்டிக்காகக் காத்து நிற்போரைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், அவர்களுள் ஆசிரியர் யார் என்பதை எளிதில் கண்டுகொள்ளலாம். ஒரு கையில் தூக்குப்போசி. மறு கையில் விடைத்தாள் கட்டு. சென்ற ஆண்டு கோடை விடுமுறையின் இறுதியில் அக்கூட்டத்தில் நானும் நின்றேன். மத்திய அரசுப் பள்ளியொன்றில் தொடக்கநிலை ஆசிரியையாகப் பணியாற்றும் என் தங்கை மகளுக்கு ஈரோட்டிலிருந்து கோவைக்கு மாறுதல் வந்திருந்தது. அவளுக்கு வீடு பார்ப்பதே எங்கள் பயணத்தின் நோக்கம்.

"சம்பளம் அதேதானுங்க மாமா. ஊர் மட்டுந்தான் மாறுது" என்றாள் அவள். அச்சொல்லில் இருந்த கசப்பு, மாலையில் திரும்பும்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

வாசகர்கள் இக்கணக்கைச் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டும். மத்திய அரசு வாடகைப்படி வழங்குவதற்காக நகரங்களை மக்கள்தொகையின்படி மூன்று வகுப்புகளாகப் பிரித்துள்ளது. ஐம்பது இலட்சமும் அதற்கு மேலும் உள்ளவை முதல் வகுப்பு. ஐந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் வரை இரண்டாம் வகுப்பு. ஏனையவை மூன்றாம் வகுப்பு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கோவையும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்து இருபத்தொரு இலட்சத்தைத் தாண்டின. ஈரோடும் சுற்றுப்புறமும் ஐந்து இலட்சத்து இருபத்தோராயிரத்தை ஒட்டி நின்றன. அதாவது, ஈரோடு வாயிற்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் ஒரு காலை மட்டும் வைத்தது! அக்கணக்கைக் கொண்டு 2015இல் ஈரோடும் இரண்டாம் வகுப்பில் சேர்க்கப்பட்டது. கோவை அதற்கு முன்பிருந்தே அவ்வகுப்பில் இருந்தது.

ஆகவே ஏழாவது ஊதியக் குழுவின்படி 35,400 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் பணி தொடங்கும் ஆசிரியைக்கு, 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உயர்ந்த இருபது சதவீத விகிதத்தின்படி, ஈரோட்டிலும் வாடகைப்படி 7,080 ரூபாய். கோவையிலும் அதே 7,080 ரூபாய். போக்குவரத்துப்படியில் மட்டும் அரசு கோவையைப் பெரிய ஊராக ஏற்றுக்கொள்கிறது. அப்படிக்கென வகுத்த தனிப்பட்டியலில் கோவை உண்டு, ஈரோடு இல்லை. அதனால் அவள் நிலையிலுள்ளோர்க்கு ஈரோட்டில் 1,800 ரூபாய் என்றால் கோவையில் 3,600 ரூபாய், அகவிலைப்படி தனி. பேருந்தில் ஏறும்போது பெரிய நகரம், வீட்டுக்குள் நுழையும்போது நடுத்தர நகரம் என்ற இவ்விசித்திரத்தை யார் வகுத்தாரோ!

பெருந்துறை, விசயமங்கலம், ஊத்துக்குளி என ஊர்கள் பின்னோக்கி ஓடின. எதிரே அமர்ந்திருந்த அம்மையார் மாநில அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. திருப்பூரில் இறங்க வேண்டியவர். எங்கள் பேச்சைக் கேட்டு மெல்லச் சிரித்தார். "உங்களுக்கு ரெண்டு ஊருக்கு ஒரே சம்பளமுங்க. எங்களுக்கு ஒரே பள்ளிக்கூடத்துல ரெண்டு சம்பளம்" என்றார்.

அவர் குறிப்பிட்டது 2009இன் கதையை. அவ்வாண்டு மே 31க்குள் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்க்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், ஜூன் முதல் நாளும் அதன்பின்னும் சேர்ந்தவர்க்கு 5,200 ரூபாய் என்றும் அமைந்தது. ஒரே கல்வித் தகுதி, ஒரே பாடநூல், அடுத்தடுத்த வகுப்பறை. ஒருநாள் இடைவெளியில் 3,170 ரூபாய் வேறுபாடு. பிற்பாடு ஊதியங்கள் திருத்தப்பட்டபோது வேறுபாடும் உடன் வளர்ந்தது. 2022 டிசம்பர் இறுதியில் இவ்வாசிரியர்கள் சென்னையில் கல்வித் துறை வளாகத்திலேயே உண்ணாவிரதம் இருந்ததை வாசகர்கள் நினைவிற் கொண்டிருக்கலாம். அம்மையாருக்கு நாங்கள் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. என்ன கூறுவது?

கோவையில் பீளமேட்டுப் பக்கமாக நான்கு வீடுகள் பார்த்தோம். வாடகைப்படிக்குள் அடங்கியது ஓர் அறையும் சமையற்கட்டும் மட்டுமே. இரண்டு அறை கொண்ட வீட்டுக்கு ஏறத்தாழ இரு மடங்கு கேட்டனர். ஈரோட்டில் சூரம்பட்டியில் அவள் குடியிருந்த மாடி வீட்டின் வாடகை போக, படியில் கொஞ்சம் மிஞ்சியது. அதில்தான் தாயாரின் மருந்துச் செலவு நடந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்று 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் கூறுவதை நான் பணிவாக எடுத்துச் சொன்னேன். "அப்போ சட்டத்துக்கிட்டயே வீடு கேளுங்க" என்று கதவைச் சாத்தினார்.

அடுப்படிச் செலவில் அத்துணை வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. நியாயவிலைக் கடை ஊர் பார்ப்பதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவ்வுதவி இரண்டு ஊர்களுக்கும் பொது. கோவையில் சிறுவாணி நீரைப் புகழ்வார்கள். புகழ்ச்சிக்குத் தக்கதுதான், ஆயினும் கோடையில் அது எல்லாத் தெருவுக்கும் எட்டுவதில்லை. ஆக, இரு ஊர் வாழ்க்கையையும் வேறாக்குவது வீட்டு வாடகை ஒன்றே.

இதையாவது கணக்கிட்டுப் பார்க்க எங்களுக்கு ஓர் அட்டவணை இருந்தது. கட்டணத்தைக் கொண்டே நடக்கும் சுயநிதிப் பள்ளிகளில் பணிபுரிவோர்க்கு அதுவுமில்லை. நிர்வாகம் தருவதே ஊதியம். நம்மவர் நடத்தும் பள்ளிகளிலும் ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் அருகருகே இருப்பதுண்டு. நடுவில் உள்ள சுவரின் இருபுறமும் ஊதியம் எப்படி வேறுபடுகிறது என்பதை அங்கே பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டறிவது நன்று.

மாலை வண்டியில் திரும்புகையில் தங்கை மகளே ஒரு வழி கண்டாள். வாடகைப்படி பணியாற்றும் ஊரைப் பொறுத்தது, குடியிருக்கும் ஊரைப் பொறுத்ததன்று. எனவே சோமனூரில் இறங்கினோம். விசைத்தறிகளின் ஓசை தெருவெங்கும் நிறைந்திருந்தது. இரண்டு அறைகள், பின்புறம் கிணறு, ஒரு முருங்கை மரம். வாடகை படிக்குள் அடங்கியது. முன்பணம் மூன்று மாதம். "தறிச் சத்தம் ராத்திரியும் இருக்குமுங்க" என்று வீட்டுக்கார அம்மாள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஜூன் மாதம் முதல் அவள் சீசன் சீட்டுடன் அங்கிருந்து கோவைக்குச் சென்று வருகிறாள். விடைத்தாள்களை வண்டியிலேயே திருத்துகிறாளாம்.