யானைக்குட்டியும் எட்டு முழ வேட்டியும்

கல்லை நம்பி வாழ்கிற ஊரில் குடியிருந்தால் ஒரு சௌகரியம் உண்டு. கல்யாணமா, கிரகப்பிரவேசமா, ரிடையர்மென்ட்டா... மாமல்லபுரத்துக்காரர்கள் பரிசுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உளிச் சத்தம் கேட்கிற பட்டறையில் நுழைந்து ஒரு பிள்ளையாரையோ மாக்கல் யானையையோ பேப்பரில் சுற்றி வாங்கி வந்துவிடலாம். வாங்கிக்கொள்கிறவர் கைதான் கொஞ்சம் இறங்கும்!

ஆனால் பிறந்த குழந்தைக்கு? கல்லையா கொடுப்பது?

அதனால் எங்கள் சொந்தத்தில் எங்கே குழந்தை பிறந்தாலும் துணிப் பரிசு என் பொறுப்பு. என் உஷா மிஷினுக்கு என் கல்யாண வயசு. அதில் பிரஷர் ஃபுட்டைக் கழற்றிவிட்டு, துணியை நகர்த்துகிற பல்லைக் கீழே இறக்கிவிட்டால், அப்புறம் அது தையல் மிஷின் இல்லை, பேனா. துணியை வளையத்தில் தப்பட்டை மாதிரி இழுத்து மாட்டிக்கொண்டு, காலால் மிதித்தபடி இரண்டு கையாலும் வளையத்தை நகர்த்த நகர்த்தப் படம் விழும். ஃபுட் இல்லாவிட்டாலும் அதைத் தூக்குகிற நெம்புகோலை மறக்காமல் கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்நூல் இறுகாது, அடியில் நூல் குருவிக்கூடு கட்டிவிடும்.

டிசைனுக்கா பஞ்சம்? அர்ஜுனன் தபசுப் பாறையில் ஏழாம் நூற்றாண்டிலேயே பல்லவச் சிற்பிகள் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த டிசைன்கள்! பெரிய யானையின் காலடியில் குட்டிகள், பக்கத்தில் பேன் பார்க்கிற குரங்குக் குடும்பம், கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனை. போன தடவை பூனையைத்தான் போட நினைத்தேன். எதிர்வீட்டு மாமி அலறிவிட்டார். "அது எலியைப் பிடிக்க வேஷம் போடுற பூனையாச்சே! பச்சைக் குழந்தைக்குப் போய் போலிச்சாமியாரையா போடுவே?" குரங்கைப் போட்டால் சம்பந்தி வீட்டில் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் எப்போதும் ஜெயிப்பது யானைக்குட்டிதான்.

இந்தத் தடவை விஷயம் அப்படிச் சிரிப்பாக இல்லை.

என் தம்பிக்குப் பதினோரு வருஷம் கழித்துப் பெண் பிறந்தாள். எட்டாவது மாசத்திலேயே. எடை ஒரு கிலோ அறுநூறு கிராம். செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு தடவை கை நழுவிப் போனதால், பிறக்கிறவரைக்கும் ஒரு ஜட்டிகூட வாங்கக் கூடாது என்று தம்பி பெண்டாட்டி சொல்லியிருந்தாள். நானும் ஊசியில் நூல் கோக்கவில்லை.

நாலாம் நாள் சிஸ்டர் வந்து, "இனிமே அம்மா நெஞ்சுமேலயே வச்சுக்கணும். கங்காரு மாதிரி. மேல போர்த்த மெல்லிசா பருத்தித் துணி கொண்டாங்க" என்றார். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்த முறையாம் இது. பெட்டி செய்கிற வேலையைத் தாயின் உடம்புச் சூடே செய்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "புதுத்துணி இப்ப ஆவாது" என்றவர், பெட்டியைத் திறந்து அப்பாவின் எட்டு முழ மல் வேட்டியை எடுத்துக் கொடுத்தார். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. மற்றதெல்லாம் தானமாகப் போய், மிச்சமிருந்தது அது ஒன்றுதான். "இதுல தச்சுக் கொடு. தாத்தா போர்த்தின மாதிரி இருக்கட்டும்."

துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆன துணி. குழந்தைக்கு அதைவிட நல்லது கிடையாது. எம்ப்ராய்டரிக்கு அதைவிட மோசமானதும் கிடையாது. நெருக்கமாகத் தையல் விழுந்தால் ஊசி போன வழியே கிழிந்துகொண்டு போகும்.

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி கடையில் கேட்டுப் பார்த்தேன். படத்தைப் பஞ்ச்சிங் செய்து கொடுத்தால் மிஷின் தானே நிறம் மாற்றித் தானே தைத்துவிடும். கடைக்காரத் தம்பி வேட்டியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது தாங்காது. வேற துணி குடுங்க" என்றார். வேறு துணி ஏது?

பதினாலாம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டுப் பதினொன்றைப் போட்டேன். வேட்டியை இரட்டையாக மடித்தேன். அடியில் மெல்லிய காகிதம் வைத்தேன். தைத்து முடித்ததும் கிழித்து எடுத்துவிடலாம். யானைக்குள் நூலை நிரப்பவில்லை. கருங்கல் நிறத்தில் வெறும் கோட்டு யானை; காதுக்குள் மட்டும் கொஞ்சம் ரோஸ். கண்ணுக்கு மணி, ஜிகினா எதுவும் வைக்கவில்லை. பிள்ளைகள் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். பின்பக்கத்து முடிச்சு உறுத்தாமலிருக்க அதே வேட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி மூடினேன். தும்பிக்கை வளைகிற இடத்தில் மட்டும் மோட்டாரை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போட்டேன். பக்கத்தில் அம்மா மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார். மணி இரவு இரண்டு.

காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தோம். ஆஸ்பத்திரியில் துணியை வாங்கி விரித்துப் பார்த்த தம்பி பெண்டாட்டி, "மாமாவோட வேட்டியா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். குழந்தையை நெஞ்சில் சாய்த்து, படம் வெளிப்பக்கமாக வருகிற மாதிரி போர்த்திக்கொண்டாள். சிஸ்டர் எட்டிப் பார்த்து, "கங்காரு கேட்டா யானை வந்திருக்கே!" என்றார். பல்லவர்கள் கங்காருவைப் பார்த்ததில்லையே, நான் என்ன செய்ய?

இப்போது பாப்பா ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டாள். யானைக்குட்டியின் ரோஸ் காது மட்டும் எந்நேரமும் ஈரமாக இருக்கிறது. அதைத்தான் சப்புகிறாள். சாயம் போகாத நூல்தான். தைப்பதற்கு முன்பே வெந்நீரில் போட்டுப் பார்த்துவிட்டேன்.