பச்சைக் கோடு எதுப்பா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், புனேல மழையும் விட்டபாடில்லை. இன்னிக்கு கோட்டுக்குக் கலர் அடிச்ச கதை. சிரிக்காதீங்க.

பையன் பதினொண்ணாவது. சைன் எக்ஸ், சைன் 2எக்ஸ், 3எக்ஸ், 4எக்ஸ் நாலும் எப்படி வளையும்னு காட்டலாம்னு பைத்தான்ல மேட்பிளாட்லிப் வெச்சு வரைஞ்சேன். ஒவ்வொரு கோட்டுக்கும் அதுவே ஒரு கலர் குடுத்துடும். (பழைய மேட்லாப்ல 'ஹோல்ட் ஆன்' போட்டு ஒண்ணொண்ணா வரைஞ்சா எல்லாம் ஒரே நீலமா வந்து கழுத்தறுக்கும். 2014-லதான் அதை மாத்தினாங்க.)

"பச்சைக் கோடு எத்தனை தடவை ஏறி இறங்குது, எண்ணு."

"பச்சை எதுப்பா?"

"சிவப்போட பின்னிக்கிட்டுப் போகுதே, அது."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

விளையாடறான்னு ஒரு அதட்டு போட்டேன். போன வருஷம் பரீட்சையில கிராஃபை மாத்திப் படிச்சு மார்க் விட்டப்பவும் "கவனம் எங்கடா இருக்கு"ன்னு திட்டினவன்தான் நான். அவன் எதிர்த்துப் பேசலை. மூக்கு மானிட்டர்ல ஒட்டற மாதிரி குனிஞ்சு பார்த்தான். அப்பதான் எனக்கு உறைச்சது.

தங்கமணி பின்னாடி வந்து நின்னாங்க. "எங்கப்பாவுக்கும் இப்படித்தாங்க. கும்பகோணம் மார்க்கெட்ல தக்காளியை அமுக்கிப் பார்த்துதான் வாங்குவார். காயா பழமான்னு என்னைக் கேட்பார்." கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு இது தெரியாது.

கண் டாக்டர் புள்ளிகளுக்குள்ள நம்பர் ஒளிச்சு வெச்ச இஷிஹாரா புஸ்தகத்தைக் காட்டினார். பாதி பக்கத்துல இவனுக்கு நம்பரே தெரியலை. எக்ஸ் குரோமோசோம் வழியா வர்றதாம். அப்பாகிட்டேர்ந்து பொண்ணுக்கு வந்துடும், ஆனா பெரும்பாலும் வெளிய தெரியாது. அவ பையனுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. திரும்பி வர்றப்போ தங்கமணி "நான் குடுத்ததா?"ன்னு ஒரே தடவை கேட்டாங்க. "திட்டினது நான்தானே"ன்னேன். அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசலை.

ராத்திரி அந்தப் படத்தை மறுபடி திறந்தேன். 2017-லேர்ந்து மேட்பிளாட்லிப் தானா குடுக்கற வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு. மூணாவதும் நாலாவதும் பாருங்க! ஒகாபே, இட்டோன்னு ரெண்டு ஜப்பான்காரங்க இந்த மாதிரி கண்ணுக்கும் பிரிஞ்சு தெரியற எட்டு கலரைத் தேர்ந்தெடுத்து வெச்சிருக்காங்க. அதுலேர்ந்து கறுப்பு, ஆரஞ்சு, வானநீலம், அடர்நீலம் எடுத்து ஒவ்வொரு கோட்டுக்கும் நானே குடுத்தேன். கலரை மட்டும் நம்பாம ஒண்ணு முழுக்கோடு, ஒண்ணு விட்டுவிட்டு, ஒண்ணு புள்ளி, ஒண்ணு ரெண்டும் கலந்து. மூலையில இருந்த கலர் பட்டியலைத் தூக்கிட்டு, பேரை அந்தந்தக் கோட்டு மேலயே எழுதினேன். கறுப்பு வெள்ளையில பிரிண்ட் எடுத்தும் நாலும் தனித்தனியா தெரிஞ்சது.

ஆபீஸ்ல எத்தனை வருஷமா சிவப்பும் பச்சையுமா ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன்! அந்த மீட்டிங்ல எத்தனை பேர் புரிஞ்ச மாதிரி தலையாட்டினாங்களோ.

காலைல பையன்கிட்ட காட்டினேன். மூணாவது கோட்டை மட்டும் விரலால தொட்டுக்கிட்டே போய் மூணு தடவைன்னான். அப்புறம், "இந்தப் புள்ளிக்கோடு ரொம்ப மெல்லிசா இருக்குப்பா, தள்ளு"ன்னு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டான்.