சிலாபத்துக்கு வடக்கே

பொழுதுபோக்கு விமானிச் சான்றிதழ் வைத்திருப்பவர் ஒற்றை எஞ்ஜின் சிறு விமானத்தைப் பகலில், தரை கண்ணுக்குத் தெரிய, புறப்பட்ட இடத்துக்கு அண்மையிலேயே ஓட்டலாம். தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெற்றவர் ஊரை விட்டு ஊர் போகலாம். முதலாவதை அமெரிக்கா 1989இல் ஏற்படுத்தியது. அவுஸ்திரேலியா 2014இல் தனக்கென ஒன்றை வகுத்தது. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு தனியார் விமானிக்குத் தரம் குறிக்கிறது; பொழுதுபோக்கு விமானியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே அந்தச் சான்றிதழ் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது. புலம்பெயர்ந்த நாட்டில் அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறவர் இங்கே இலங்கையிலும் ஓட்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் புத்தளக் கரையில் அளந்து பார்க்கலாம். இரத்மலானை விமான நிலையத்திலிருந்து புத்தளத்துக்கு அருகேயுள்ள பாலாவித் தளத்துக்கு வான்வழியே சுமார் 130 கிலோமீற்றர். பொழுதுபோக்கு விமானிக்கு அவுஸ்திரேலிய விதி அனுமதிக்கும் 25 கடல் மைல் நீர்கொழும்பைத் தாண்டியதும் தீர்ந்துபோகும். மாவட்ட எல்லையான மகா ஓயாவைக்கூட எட்டாது. அமெரிக்க விதியின் 50 கடல் மைல், அதாவது 93 கிலோமீற்றர், சிலாபத்தையும் தெதுறு ஓயாக் கழிமுகத்தையும் கடந்து கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி எல்லாம் அதற்கு அப்பால். அதற்கு முன்பே இன்னொரு தடை இருக்கிறது. கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்பரப்பு வழியில் கிடக்கிறது. வானொலியில் கேட்டு, கிடைத்த அனுமதியைத் திரும்பச் சொல்லி, சொன்ன உயரத்தில் போகத் தெரியாதவர் வடக்கே திரும்பவே முடியாது. அமெரிக்கப் பொழுதுபோக்கு விமானிக்கும் இது தனிப் பயிற்சியும் ஆசிரியரின் கையொப்பமும் இல்லாமல் திறவாத கதவு.

மணிக்கணக்கில் பார்த்தால் வித்தியாசம் சின்னது. அமெரிக்காவில் பொழுதுபோக்கு விமானிக்குக் குறைந்தது 30 மணி நேரப் பறப்பு, தனியார் விமானிக்கு 40. முன்பு பறந்த நேரம் கணக்கில் சேரும். கூடுதல் நேரத்தை எதில் செலவிடுவது என்பதே விஷயம்: தூர வழிநடத்தல், இரவு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுதல்.

வழிநடத்தல் தரையில், பென்சிலோடு தொடங்குகிறது. வரைபடத்தில் கோடு கீறி, பத்துப் பத்து மைலுக்கு அடையாளமிட்டு, ஒவ்வொன்றிலும் எந்த நிமிடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொள்கிறார் பயிலுநர். காற்று அந்தக் கணக்கைக் கலைக்கும். 90 நொட் வேகத்தில் போகும் விமானத்தின் மூக்கை நேர் வடக்கே பிடித்துக்கொண்டிருந்தால், தென்மேற்கிலிருந்து சோளகம் 20 நொட்டில் வீசும் நாளில் பாலாவி மட்டத்துக்கு வரும்போது அவர் ஏறக்குறைய 18 கிலோமீற்றர் கிழக்கே, உள்நாட்டுக் காட்டின் மேல் இருப்பார். நேர்கோட்டில் போக மூக்கைச் சுமார் 9 பாகை கடல் பக்கம் திருப்ப வேண்டும். போகும்போது 40 நிமிடம். வரும்போது அதே காற்று எதிரே நிற்பதால் ஏறத்தாழ ஒரு மணி. எரிபொருளை இந்த இரண்டாவது எண்ணை வைத்தே நிரப்ப வேண்டும்.

கரையை அடையாளம் காண்பது கடினமல்ல. முந்தல் ஏரி, புத்தளம் கடனீரேரி, கட்டம் கட்டமாய் வெளுத்த உப்பளங்கள், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி என ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். கஷ்டம் எஞ்ஜின் நின்றால்தான். ஆசிரியர் எச்சரிக்காமல் திராட்டிலை இழுத்துவிட்டு “எங்கே இறக்குவீர்?” என்று கேட்பது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம். 2,000 அடியில் இருக்கும் செஸ்னா 172 எஞ்ஜின் இல்லாமல் மூன்று கடல் மைல் அளவுக்கு மிதந்து இறங்கும். கீழே தென்னந்தோப்பு, மேலிருந்து மெத்தை போலத் தெரிவது உண்மையில் மரத்தண்டுகளின் வரிசை. இறால் பண்ணைகளில் வரம்புகள். உடப்புக் கடற்கரையில் படகுகளும் கரைவலை இழுக்கும் ஆட்களும். வற்றிய களப்பு ஓரம் தேவலை என்று சொல்பவருக்குச் சேறு காத்திருக்கும். சரியான ஒரே விடை இந்தக் கரையில் இல்லை. விடையைவிட, கேள்வி வருமுன்பே கண் நிலத்தைத் தேடிக்கொண்டிருந்ததா என்பதையே ஆசிரியர் பார்க்கிறார்.

இரவு வேறு உலகம். அமெரிக்க விதி 3 மணி நேர இரவுப் பயிற்சி கேட்கிறது. கற்பிட்டிக் கடலை இருட்டில் பார்த்தவருக்கு அது மிகக் குறைவாகவே படும். அடிவானம் இருக்காது. மீன்பிடிப் படகுகளின் விளக்குகளும் நட்சத்திரங்களும் ஒன்றாகக் கலந்து, சாய்ந்த விமானத்தை நேராக இருப்பதாக நம்பவைக்கும். முகத்துக்கு மறைப்புப் போட்டுக் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழக்குவது இதற்காகத்தான். உடல் சொல்வதை விட்டுக் கருவி சொல்வதை நம்பும் பழக்கம் பகலிலேயே வந்திருக்க வேண்டும்.

பிறகு தனியே நீண்ட பறப்பு. சர்வதேசத் தரப்படி அது 270 கிலோமீற்றருக்குக் குறையக் கூடாது. வழியில் இரண்டு வெவ்வேறு விமானத்தளங்களில் இறங்கி முழுதாக நிறுத்த வேண்டும். இரத்மலானை–பாலாவி போய்வந்தால் 260தான், தளமும் ஒன்றுதான். எனவே அனுராதபுரத்தையோ சீகிரியாவையோ சேர்த்து முக்கோணமாகத் திட்டமிட வேண்டும். பாலாவி விமானப்படைத் தளம் என்பதால் முன் அனுமதி வேண்டும். கற்பிட்டியில் விமானப்படையின் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சித் திடலும் உண்டு. புறப்படுமுன் விமானிகளுக்கான அறிவித்தல்களைப் படிக்காமல் தீபகற்பத்தின் பக்கம் போகக் கூடாது.

எழுத்துப் பரீட்சை, மருத்துவச் சோதனை, பரீட்சகரோடு பறப்பு ஆகியவற்றில் தேறினால் அனுமதிப்பத்திரம் கைக்கு வரும். நண்பர்களை ஏற்றிக்கொண்டு புத்தளம் போகலாம். கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்க வரும் பயணிகளைக் காசு வாங்கி ஏற்ற முடியாது. அதற்கு வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் வேண்டும். சர்வதேசத் தரத்தில் 200 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட பாடநெறி வழியானால் 150.