கழனிப் பாதையில் வாகனம் ஓட்டுவோர்க்கு

சவூதியிலும் துபையிலும் ஆண்டுக்கணக்கில் வாகனம் ஓட்டிப் பழகிய நம் பிள்ளைகள் விடுமுறையில் ஊர் திரும்புகிறார்கள். வந்த சில நாட்களிலேயே, வாடகைக்கோ சொந்தமாகவோ, ஒரு கார் வாசலில் வந்து நிற்கிறது. நிக்காஹ் அழைப்பு, உறவினர் நலம் விசாரித்தல், நாகூர், காரைக்கால் எனப் பயணங்கள் தொடர்கின்றன. தார்ச் சாலையில் செல்லும்வரை கவலையில்லை. கைப்பேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழியை நம்பி ஒரு வாய்க்கால் கரையில் திரும்பும்போதுதான் சோதனை ஆரம்பமாகிறது. ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கிறது. ஆனால் சேற்றில் எப்படி ஓட்டுவது என்று எவரும் கற்றுக் கொடுத்ததில்லை. திருக்கடையூர் வட்டாரத்துப் பாதைகளை முன்வைத்து, புதிதாக மண் பாதையில் இறங்குவோர்க்கான சில நடைமுறைக் குறிப்புகளை இக்கட்டுரையில் காண்போம்.

ஊரும் பாதைகளும்

திருக்கடையூர் மயிலாடுதுறைக்குக் கிழக்கே, கடலை நெருங்கி அமைந்த ஊர். 2020 டிசம்பர் வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள அபிராமி அம்மன் கோயிலில் அறுபதாம், எண்பதாம் ஆண்டு நிறைவு விழாக்களை நடத்துவதற்காக ஆண்டு முழுவதும் வெளியூர் வாகனங்கள் வந்தவண்ணம் உள்ளன. தெற்கே தில்லையாடியும் பொறையாறும், 1620-இல் டேனியர் கோட்டை எழுப்பி 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்ற தரங்கம்பாடியும் இருக்கின்றன. ஆக்கூர் வழியாக மயிலாடுதுறைக்குச் சாலை செல்கிறது. கடலோரத்தில் சின்னங்குடி, தாழம்பேட்டை முதலிய மீனவர் ஊர்கள். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் தொடங்கப்பட்ட ரயில் பாதையும் இவ்வழியே சென்றது. 1986-இல் அது நிறுத்தப்பட்டது. அதன்பின் இப்பகுதி மக்களின் போக்குவரத்து முழுவதும் சாலைகளை நம்பியே இருக்கிறது.

நெடுஞ்சாலையை விட்டு விலகினால் நாம் காண்பது வேறோர் உலகம். வீரசோழனாறு, மஞ்சளாறு, மகிமலையாறு, நண்டலாறு எனக் காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலை நாடும் கடைமடைப் பகுதி இது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால் என நீர் பிரிய, ஒவ்வொன்றின் கரையும் ஒரு பாதையாகிறது. மாட்டு வண்டி போகும் அகலமே பல இடங்களில் உண்டு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நடவு வயல். சக்கரம் ஒரு முழம் விலகினாலும் இரண்டில் ஒன்றில்தான் இறங்க வேண்டும்.

மணல் வேறு, களி வேறு

அலிஃப், பே அறியாமல் ஓத இயலாது. அவ்வாறே மண்ணை அறியாமல் மண் பாதையில் ஓட்ட இயலாது.

பாலைவனத்தில் ஓட்டிப் பழகியவர்கள் ஒரு பாடத்தை நன்கறிவார்கள். டயரில் வழக்கமாக இருக்கும் 30 பவுண்டு காற்றைப் பாதியளவாகக் குறைத்தால் டயர் அகன்று படர்ந்து மணலின் மேல் மிதந்து செல்லும். வேகம் குறையாமல் ஓடினால் புதையாது. மணலுக்கு இது சரியான முறையே. (தார்ச் சாலைக்குத் திரும்புமுன் காற்றை மீண்டும் நிரப்புவது கட்டாயம். காற்றிறங்கிய டயரில் வேகமாகச் செல்வது ஆபத்து.)

ஆனால் நம் வயற்புறத்து மண் களி. மேற்பரப்பு சிறிது நனைந்தாலே வழுக்கத் தொடங்கும். டயரின் வெட்டுகளில் களி அப்பிக்கொண்டால் புது டயரும் தேய்ந்த டயராகிவிடும். மணலில் காப்பாற்றிய அதே வேகம் இங்கே வாய்க்காலில் கொண்டு போய்ச் சேர்க்கும். மணலில் துணிவு உதவலாம். களியில் நிதானமே உதவும்.

'எங்கள் வண்டி ஃபோர் வீல் டிரைவ். எங்கும் போகும்' என்று சொல்லும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை உண்டென்பது வண்டி நகர்வதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டியும் ஒன்றே. மேலும், சாதாரணக் கார் பத்தடி உள்ளே சிக்கினால், அத்தகைய வண்டி அரை மைல் உள்ளே போய்ச் சிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

எந்தக் காலத்தில் பழகுவது?

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்திற்காக ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் நாள் அதைத் திறப்பது மரபு. நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறிய ஆண்டுகளும் பல. கடைமடைக்கு நீர் வந்தபின் சேடை ஓட்டும் டிராக்டர்கள் வயலுக்கும் பாதைக்கும் ஏறி இறங்கும். அவற்றின் இரும்புச் சக்கரங்கள் சிந்தும் சேறு தார்ச் சாலையிலும் கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; அம்மாதங்களில் புதியவர்கள் கரைப் பாதைகளை அடியோடு தவிர்ப்பதே அறிவுடைமை. தை, மாசியில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரங்களும், கொள்முதல் நிலையங்களுக்கு நெல் ஏற்றிச் செல்லும் வண்டிகளும் வழியை நிறைத்திருக்கும்.

பங்குனி, சித்திரையே பழகுவதற்கு ஏற்ற காலம். மண் காய்ந்து இறுகியிருக்கும். எனினும் அப்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மழையில் விழுந்த சக்கரத் தடங்கள் வெயிலில் கல்லாய் இறுகி நிற்கும். நடு மேடு உயரமாக இருந்தால் காரின் அடிவயிறு தட்டி எண்ணெய்த் தொட்டி உடையக்கூடும். அத்தகைய இடத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும் மறுபக்கச் சக்கரத்தை ஓர மேட்டிலும் ஏற்றி மெல்லக் கடக்க வேண்டும். ஓரம் வயற்பக்கமோ நீர்ப்பக்கமோ சரிந்திருந்தால் அந்த முயற்சியே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

முதலில் கால், பிறகு சக்கரம்

இக்கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவிற்கொள்ள முடியுமெனில் இதை நினைவிற்கொள்ளுங்கள்: நடந்து பார்க்காத இடத்தில் வண்டியைச் செலுத்தாதீர்கள். ஐயமுள்ள இடத்திற்கு முன்பே நிறுத்தி இறங்குங்கள். குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். செருப்பின் தடம் மட்டும் பதிந்தால் போகலாம். குதிகால் புதைந்தால் கார் புதையும். கரையின் விளிம்பில் எலி வளையும் நண்டு வளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே உறுதியாகத் தெரியும் கரை, உள்ளே வளைகளால் குடைந்து கிடக்கும். ஆகவே விளிம்பை விட்டு நடுவிலேயே செல்ல வேண்டும். மதகும் சிறு பாலமும் வந்தால் அகலத்தையும், இரு பக்கமும் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அனைத்திற்கும் மேலாக, உள்ளே வண்டியைத் திருப்ப இடமுண்டா என்று அங்கு வேலை செய்வோரிடம் கேளுங்கள். வரைபடம் அறியாததை வயலில் களை பறிக்கும் அம்மா அறிவார்.

சேற்றில் ஓட்டும் முறை

வழுக்கும் தரையில் முதல் கியரின் முரட்டு இழுப்பு சக்கரத்தைச் சுழலச் செய்யும். கூடுமானால் இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்பி, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்துச் செல்லுங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள். சட்டென்று பிரேக் அழுத்தாதீர்கள். காலை மெல்ல எடுத்தாலே வேகம் குறையும். வண்டியின் பின்புறம் வழுக்கி ஒரு பக்கம் விலகினால், அது விலகும் அதே பக்கம் ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பினால் வண்டி நேராகும். பள்ளத்தடங்களில் செல்லும்போது கட்டைவிரல்களை ஸ்டியரிங் வளையத்தின் உட்புறம் கொடுக்காதீர்கள். சக்கரம் மேட்டில் மோதி ஸ்டியரிங் வெட்டிச் சுழன்றால் விரல் முறியக்கூடும்.

சாலையில் கதிரோ வைக்கோலோ பரப்பியிருந்தால் கூடியவரை விலகிச் செல்லுங்கள். காய்ந்த வைக்கோல் அச்சில் சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பற்றும் அபாயமுண்டு. அதன் மேல் வண்டியை நிறுத்துவது கூடவே கூடாது.

தண்ணீரிடம் வீரம் வேண்டாம்

பாதையின் குறுக்கே தண்ணீர் ஓடினால், எதிர்க்கரை எவ்வளவு அருகில் இருந்தாலும் நில்லுங்கள். ஓரடி உயரத்திற்கு ஓடும் நீர் ஒரு சிறிய காரைத் தூக்கி நகர்த்தப் போதுமானது. இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். வண்டியின் எடை நம்மைக் காக்கும் என்பது வீண் நம்பிக்கை. ஓடும் நீரைக் கடக்க வேண்டாம். வடியும்வரை காத்திருங்கள், அல்லது வந்த வழியே திரும்புங்கள்.

தேங்கி நிற்கும் நீராயின் கம்பு ஊன்றி ஆழம் பாருங்கள். சக்கரத்தின் நடுக்குடத்திற்கு மேல் ஆழமிருந்தால் கார் செல்லலாகாது. அதற்குள் இருந்தால், நடை வேகத்தில், நிற்காமல் செல்லுங்கள். நடுவில் எஞ்சின் நின்றுபோனால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே நீர் புகுந்திருந்தால் எஞ்சினே உடைந்துவிடும். பிள்ளைகளை முதலில் இறக்கிவிட்டு, பிறகு வண்டியைத் தள்ளுங்கள். கடந்து சென்றபின் பிரேக்கைச் சிலமுறை இலேசாக அழுத்தி ஈரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும்.

சிக்கிக்கொண்டால்

சக்கரம் வெறுமனே சுழன்றால் உடனே காலை எடுத்துவிடுங்கள். ஆத்திரத்தில் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் குழியை ஆழமாக்கும். சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, தென்னை மட்டை, கோணி, பலகை ஆகியவற்றில் கிடைத்ததை இட்டு மெல்ல ஏற்றுங்கள். ஜாக்கி வைப்பதாயின் அடியில் பலகை வேண்டும். இன்றேல் வண்டி எழாது, ஜாக்கிதான் புதையும்.

டிராக்டரைக் கொண்டு இழுக்கும்போது கயிற்றை வண்டியின் இழுவைக் கொக்கியில் மட்டுமே கட்டுங்கள், பம்பரில் கட்டாதீர்கள். கயிறு விறைத்து நிற்கும்போது அருகில் எவரும், குறிப்பாக வேடிக்கை பார்க்கும் சிறுவர்கள், நிற்கலாகாது. அறுந்த கயிறு சாட்டையாகப் பாயும். உதவிய டிராக்டர்காரருக்கு அவர் கேளாவிட்டாலும் உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். மண்வெட்டி, உறுதியான கயிறு, பலகைத் துண்டு, டயருக்குக் காற்றடிக்கும் கருவி, டார்ச் விளக்கு, குடிநீர் ஆகியவை வண்டியில் இருக்கட்டும். எங்கே போகிறோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். மஃரிபுக்கு முன் தார்ச் சாலைக்கு வந்துவிடும்படி புறப்படுங்கள்.

சகோதரிகளின் கவனத்திற்கு

மண் பாதையில் மிகுதியாகச் செல்பவை மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டருமே. சேற்றில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி அக்கணமே சாயும். பின் பிரேக்கை இலேசாகப் பயன்படுத்த வேண்டும். மோசமான இடம் வந்தால் பின்னால் இருப்பவர்கள் இறங்கி நடப்பதில் இழிவேதுமில்லை. பின் இருக்கையில் அமரும் பெண்கள் புர்காவின் ஓரத்தையும் துப்பட்டாவையும் நன்றாகச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கும் ஒரு சாண் துணி ஓர் உயிரைப் பறித்துவிடும்.

பாதைக்கு உரியவர்கள்

பாலைவனத்தில் வாகனம் ஓட்டுவது பலருக்கு விளையாட்டு. வழித்தடம் காற்றில் மறைந்துவிடும். நம் வட்டாரத்திலோ ஆளில்லாத நிலம் என்று ஒன்றில்லை. ஈரக் கரையில் நாம் பதித்துச் செல்லும் தடத்தில் நீர் தேங்கும். தேங்கிய நீர் கரையை இளக்கும். அடுத்த மழையில் அவ்விடம் உடைப்பெடுத்தால் மூழ்குவது எவரோ ஒருவர் கடன் வாங்கி நட்ட பயிர். கெட்டுப்போன அதே பாதையில்தான் பேறுகால வலியோடு ஒரு தாயையும், மூச்சிரைக்கும் ஒரு முதியவரையும் கொண்டு செல்ல வேண்டியிருக்கும். ஆகவே மழை ஈரம் காயாத கரையில், அவசரமில்லாத பயணம் வேண்டாம். சுமையோடு எதிர்வரும் வண்டிக்கு, சுமையில்லாத நாமே பின்னால் சென்று வழிவிடுவோம்.

கடற்கரையிலும் இதே கண்ணியம் தேவை. மணலில் ஓட்டும் ஆசையோடு காரை அலையோரம் இறக்குவோர் உளர். அங்கே வலை உலர்த்துவோரும் மீன் காயவைப்போரும் இருக்கின்றனர். ஜனவரி முதல் மார்ச் வரை இக்கரைகளில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. மணலுக்கடியில் இருக்கும் முட்டை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. எனவே வண்டியைச் சாலை முடிவில் நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாகக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. அவ்வாறிருக்க, நம் சக்கரமே பிறருக்கு இடையூறாகலாமா? வரும் பங்குனியில், மண் காய்ந்த ஒரு காலைப் பொழுதில், பழகிய ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, அகலமான கரை ஒன்றில் இன்ஷா அல்லாஹ் பழக ஆரம்பியுங்கள். நூறடி ஓட்டுங்கள், இறங்கி நடந்து பாருங்கள், மீண்டும் ஓட்டுங்கள். அவசரத் தேவை நேரும் ஒரு மழை இரவில், எந்தப் பாதையில் போகலாம், எதில் போகவே கூடாது என்று அறிந்த ஒருவர் வீட்டில் இருப்பது பெரும் பாதுகாப்பாகும்.