150-ஆவது பிரிவும் ஒரு மின்சாரக் காரும்

வாலட் பார்க்கிங் வழக்குகளில் எதிர்தரப்பிலிருந்து வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். டோக்கனிலேயே 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சிட்டிருக்கிறோம் என்பது ஒன்று. ஓட்டியவர் எங்கள் ஊழியர் அல்ல, காண்ட்ராக்டரின் ஆள் என்பது இன்னொன்று. இந்த வழக்கில் ஓட்டல் தரப்பு மூன்றாவதாக ஒன்றையும் சொல்லியிருந்தது. அதனால்தான் இத்தனை காலம் கழித்தும் இது நினைவில் நிற்கிறது.

கட்சிக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த திருமண வரவேற்புக்குத் தம் புது மின்சாரக் காரில் போயிருந்தார். போர்டிகோவில் நிறுத்தி, 'பி' பொத்தானை அழுத்தி, சாவி அட்டையைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மணமக்களை வாழ்த்த மேடைக்கு வரிசையில் நிற்கும்போதே வெளியே சத்தம் கேட்டிருக்கிறது. கார் நடைபாதை விளிம்பில் ஏறித் தூணில் மோதி நின்றது. முன்பக்கம் நொறுங்கியது பெரிய செலவில்லை. விளிம்பில் உரசி, அடியிலிருந்த பேட்டரியின் உறை நசுங்கியதுதான் பெரிய செலவு. சாதாரண மோட்டார் பாலிசியில் பேட்டரிக்குப் பாதித் தேய்மானம் கழிப்பார்கள். காப்பீட்டு நிறுவனம் அந்த விதியைக் காட்டிக் கழித்துக்கொண்டது. மிச்சத்துக்காகத்தான் அவர் என்னிடம் வந்தார்.

அன்றே வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, கேமரா பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னேன். இந்த மாதிரி வழக்குகளில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பல இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

ஓட்டிய பையனைக் கட்சிக்காரரே தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். விழுப்புரம் பக்கத்து ஊர். அதற்கு முன் குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தவன். காண்ட்ராக்டர் சம்பளத்தைப் பிடித்துவைத்து, லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டு, நஷ்டத்தைக் கட்டச் சொல்லியிருந்தார். நடந்ததை அவன் இப்படிச் சொன்னான்: "பட்டனை அமுக்கினேன் சார், சத்தமே வரல. டியில போட்டுட்டு பிரேக்ல இருந்து காலை எடுத்தேன், நகரவே இல்ல. ஆஃப்லதான் இருக்குன்னு நினைச்சு லேசா மிதிச்சுப் பார்த்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை. கியர் தானாக மாறும் பெட்ரோல் வண்டியில் பிரேக்கை விட்டால் வண்டி மெல்ல ஊரும். அதுவே அது ஓடிக்கொண்டிருப்பதற்கு அடையாளம். பல மின்சாரக் கார்களில் அப்படி ஊராமல் நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. என்ஜின் இரைச்சலும் இல்லை, அதிர்வும் இல்லை. 'ரெடி' என்று திரையில் எரியும் சிறு எழுத்து ஒன்றுதான் அறிகுறி. மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைக் கொடுக்கும். பழைய வண்டியில் உறுமலோடு முடிந்திருக்கும் ஒரு மிதி, இதில் பாய்ச்சலாகிவிட்டது.

"அந்தப் பையன் மேல கேஸ் வேண்டாம் சார்" என்றார் கட்சிக்காரர். எனக்கும் அதே எண்ணம்தான். ஓட்டலையும் காண்ட்ராக்டரையும் மட்டும் எதிர்தரப்பினராகச் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தேன்.

டோக்கன் வாசகத்துக்கும் காண்ட்ராக்டர் சாக்குக்கும் விடை ஏற்கெனவே இருந்தது. 1998-இல் டெல்லி தாஜ் மகால் ஹோட்டலில் வாலட்டிடம் ஒப்படைத்த மாருதி ஜென் ஒன்று திருடுபோனது. அந்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாவியை வாங்கிக்கொண்டால் அது பெயில்மென்ட், அதாவது பொருளைத் திருப்பித் தரும் பொறுப்போடு பெற்றுக்கொள்வது. வண்டியை வாங்கியபடியே திருப்பித் தர முடியாவிட்டால், தான் கவனமாக இருந்ததை ஓட்டல்தான் நிரூபிக்க வேண்டும். தன்னுடைய, தன் ஆட்களுடைய கவனக்குறைவிலிருந்து டோக்கன் வாசகத்தைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது.

மூன்றாவது வாதத்துக்குத்தான் உழைக்க வேண்டியிருந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 150-ஆவது பிரிவு, பொருளை ஒப்படைப்பவர் அதில் தமக்குத் தெரிந்த குறையை, வாங்குபவருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியதை, சொல்லியாக வேண்டும் என்கிறது. சட்டமே உதாரணமும் தருகிறது: முரட்டுக் குதிரை என்று தெரிந்தே, சொல்லாமல் இரவல் கொடுக்கிறார் ஒருவர்; குதிரை மிரண்டு ஓடி வாங்கியவரைக் கீழே தள்ளினால், கொடுத்தவரே பொறுப்பு. எதிர்தரப்பு வக்கீல் மூத்தவர், கெட்டிக்காரர். "இந்தக் கார்தான் அந்தக் குதிரை" என்றார். ஆணையத் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

நான் காரின் புகைப்படத்தை நீட்டினேன். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து. குதிரையின் முரட்டுத்தனம் சொந்தக்காரருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். மின்சார வண்டி என்பதை இந்த நாட்டில் யாரும் ஒளிக்க முடியாது. 2018 முதல் அதற்கென்றே தனி நிறப் பலகை. போர்டிகோவுக்குள் நுழையும்போதே அது அறிவித்துவிட்டது. அதோடு அந்தக் காரில் எந்தக் குறையும் இல்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. யார் வண்டியானாலும் ஓட்டித் தருகிறேன் என்று கை நீட்டுகிற தொழிலுக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் கேட்க வேண்டும். 151-ஆவது பிரிவு எதிர்பார்க்கும் சாதாரண விவேகம் அதுதான்.

மின்சார வண்டிகளுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று எழுத்துமூலம் கேட்டிருந்தேன். "ஓட்டுநர்கள் அனைவரிடமும் செல்லத்தக்க உரிமம் உள்ளது" என்று பதில் வந்தது. உரிமத்தில் பெட்ரோல் கார், மின்சாரக் கார் என்ற பிரிவே கிடையாது. ஆகவே அந்தப் பதில், பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை என்பதற்கான ஒப்புதலாகிவிட்டது. எந்தப் பொத்தான், எது 'ரெடி' என்று காட்ட ஐந்து நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாத நிர்வாகம், பழியை மட்டும் மாதச் சம்பளக்காரன் தலையில் இறக்கப் பார்த்தது. வாதத்தின்போது என் குரல் உயர்ந்தது இந்த இடத்தில்தான்.

ஓட்டலும் காண்ட்ராக்டரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் தொகையைத் தர வேண்டும் என்று உத்தரவானது. மன உளைச்சலுக்கும் ஒரு தொகை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மேல்முறையீட்டுக்குப் பாதித் தொகையை முன்னதாகக் கட்ட வேண்டும். அதைக் கட்டாமல் சமரசத்துக்கு வந்தார்கள்.

மன உளைச்சல் தொகையை விட்டுக்கொடுக்கக் கட்சிக்காரர் சம்மதித்தார். பதிலுக்கு ஒரு நிபந்தனை வைத்தார். பிடித்துவைத்த சம்பளத்தையும் லைசென்ஸையும் பையனிடம் கொடுக்க வேண்டும், நஷ்டத்தில் ஒரு ரூபாய்கூட அவனிடம் கேட்கக் கூடாது. கூட்டு மனுவில் அதைத் தனிப் பத்தியாக எழுதினேன். இரண்டும் அவன் கைக்கு வந்த பிறகே, தொகையைப் பெற்றுக்கொண்ட ரசீதில் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டார்.