நாலு டிரைவ் வேண்டாம், தம்பி

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் சொல்.

"போனிலேயே சொல்லு, கேட்டுக்கொண்டே செய்துவிடுகிறேன்" என்றாய். அதனால்தான் போனில் சொல்லவில்லை. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ ரெண்டு பட்டனை அமுக்கியிருப்பாய். ஹார்ட் டிஸ்க்கில் பார்ட்டிஷன் போடுகிற வேலைக்கு அந்த அவசரம் ஆகாது. விண்டோஸ் ஒரு தடவை "யெஸ்ஸா, நோவா" என்று கேட்கும், அவ்வளவுதான். இதை முழுக்கப் படித்துவிட்டு, ஸ்டுடியோவில் கஸ்டமர் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்.

புதிதாக வாங்கிய 4 டிபி டிஸ்க்கை நாலாகப் பிரிக்கப் போவதாகச் சொன்னாய். கல்யாணம் ஒன்று, சடங்கும் காதுகுத்தும் ஒன்று, ஆல்பம் டிசைன் ஒன்று, வீட்டுப் படங்கள் ஒன்று. கேட்டதற்கு, "ஒன்று போனாலும் மத்தது தப்பிக்கும்ல" என்றாய். தப்பிக்காது, தம்பி. நாலு டிரைவும் ஒரே பெட்டிக்குள், ஒரே மோட்டாரில் சுற்றுகிற தட்டுகளில்தான் இருக்கின்றன. மோட்டார் நின்றால் நாலும் சேர்ந்தே நிற்கும். விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடிக்க நேர்ந்தால் டி பிழைத்துக்கொள்ளும், அது உண்மை. அதற்கு விண்டோஸுக்கு ஒன்று, உன் வேலைக்கு ஒன்று என்று இருந்தால் போதும். விண்டோஸே இல்லாத புது டிஸ்க்கில் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரே பார்ட்டிஷன் போடு. கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஃபோல்டர்தான். டிரைவாகப் பிரித்தால், முகூர்த்த மாசத்தில் கல்யாண டிரைவ் நிறைந்து வழியும், வீட்டுப் பட டிரைவில் பாதி காலியாகக் கிடக்கும். ஃபோல்டருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

கடைக்காரர்கள் சி, டி, ஈ, எஃப் என்று பிரித்தே கொடுப்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. விண்டோஸ் 95 முதலில் வந்தபோது இருந்த ஃபேட்16 முறையில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போக முடியாது. 4 ஜிபி டிஸ்க் வாங்கினால் பிரிக்காமல் வேறு வழியே இல்லை. 2 ஜிபி முழுக்கப் போட்டாலும் ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 கேபி துண்டு துண்டாகத்தான் இடம் ஒதுக்கும். நாலு வரிக் கடிதம் ஒன்றைச் சேமித்தாலும் 32 கேபி போய்விடும். அதனால் இன்னும் சின்னதாக வெட்டினார்கள். 1996-ல் ஃபேட்32 வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். யுபிஎஸ் பேட்டரி நிஜமாகவே தாங்குகிறதா என்று முதலில் பார். கஸ்டமர் பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் பிடுங்கி வை. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று இருக்கும், அதைத் திற. புது டிஸ்க்கைப் பார்த்ததும் "இனிஷியலைஸ் டிஸ்க்" என்று ஒரு பெட்டி வந்து, எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும். ஜிபிடி கொடு.

ஏன் என்று நீ கேட்காமல் இருக்க மாட்டாய். எம்பிஆர் என்பது 1983-ல் டாஸ் 2.0 காலத்தில் வந்த ஏற்பாடு. ஐபிஎம் அந்த வருஷம் விட்ட எக்ஸ்டி கம்ப்யூட்டரில் டிஸ்க்கே 10 எம்பிதான். உன் கேமராவில் ஒரு ரா படம் அதைவிடப் பெரிசு. அந்த டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள்ளேயே எல்லாக் கணக்கையும் வைத்தார்கள். அதில் பார்ட்டிஷன் பட்டியலுக்குக் கிடைத்தது 64 பைட், ஆளுக்கு 16 வீதம் நாலே பேருக்கு இடம். ஒவ்வொரு பார்ட்டிஷனும் எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் என்பதை 32 பிட் எண்ணில் எழுதுகிறார்கள். 512 பைட் செக்டர் கணக்கில் அந்த எண் எட்டக்கூடிய தூரம் 2,048 ஜிபிதான். உன் 4 டிபி டிஸ்க்கை விண்டோஸ் சுமார் 3,726 ஜிபி என்று காட்டும். (கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.) எம்பிஆர் கொடுத்தால் 2,048 போக மீதி அப்படியே கறுப்புப் பட்டையாக நிற்கும், தொட முடியாது. ஜிபிடியில் இந்த எல்லை கிடையாது. விண்டோஸில் 128 பார்ட்டிஷன் வரை இடம் உண்டு. பட்டியலின் இன்னொரு நகல் டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். முன்னால் உள்ளது கெட்டாலும் பின்னால் உள்ளதை வைத்து மீட்கலாம்.

அடுத்து, புது டிஸ்க்கின் கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம். அளவை மாற்றாதே, முழுசும் இருக்கட்டும். ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ். அலகேஷன் யூனிட் சைஸ் டீஃபால்ட். லேபிளில் "நியூ வால்யூம்" என்றே விட்டுவிடாமல் உன் ஸ்டுடியோ பெயரைப் போடு. பெயர் இல்லாத டிரைவைத்தான் ஆட்கள் தெரியாமல் அழிக்கிறார்கள். கீழே குவிக் ஃபார்மட் என்று ஒரு டிக் இருக்கும். வழக்கமாக அதை விட்டுவிடலாம். ஆனால் இது புது ஹார்ட் டிஸ்க், ஊர்க்காரர் கல்யாணமெல்லாம் இதில்தான் ஏறப்போகிறது. அதனால் இந்த ஒரு தடவை டிக்கை எடுத்துவிடு. குவிக் ஃபார்மட் வெறும் கணக்குப் புத்தகத்தை மட்டும் புதிதாகத் திறக்கும். முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்க பூஜ்யத்தை எழுதி, எங்கேயாவது பழுது இருக்கிறதா என்றும் பார்க்கும். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரமாவது பிடிக்கும். ராத்திரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போ. காலையில் பிழை காட்டினால் வாரண்டியில் மாற்றிக்கொள். படங்கள் ஏறிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது. இதை எஸ்எஸ்டியில் செய்யாதே, அதற்கு குவிக் போதும்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற பென்டிரைவ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். ரிசப்ஷன் வீடியோவைக் காப்பி பண்ணினால் "ஃபைல் ரொம்பப் பெரிசு" என்று வருவதாகவும், பென்டிரைவில்தான் இடம் நிறைய இருக்கிறதே என்றும் சொன்னாய் அல்லவா? இடம் இருந்து பயனில்லை. ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக்கூடாது. பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய், பெரிய வீடியோ ஏறும், மேக் வைத்திருப்பவருக்கும் திறக்கும். சில பழைய டிவிக்கு மட்டும் எக்ஸ்ஃபேட் புரியாது. அவர்களுக்கு வீடியோவை ரெண்டு மூன்றாக வெட்டி ஃபேட்32-லேயே கொடு.

இனி உன் உண்மையான தலைவலி, 100 ஜிபி சி டிரைவ் சிவப்பாக நிற்பது. நீ பாட்டுக்கு டி-யில் ஷ்ரிங்க் கொடுத்து, கிடைத்த இடத்தை சி-யில் சேர்க்கப் பார்த்திருக்கிறாய். எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிப்போய் அமுக்க முடியவில்லை. முடியாதுதான். ஷ்ரிங்க் செய்தால் இடம் டி-யின் வலது கடைசியில் கிடைக்கும். சி-க்கு வேண்டியது தனக்கு வலது பக்கம் ஒட்டினாற்போல் இருக்கிற காலி இடம். நடுவில் டி குறுக்கே நிற்கிறது.

ஜிபார்ட்டட் மாதிரி சாஃப்ட்வேர்கள் டி-யையே வலது பக்கம் தள்ளிக் கொடுக்கும். பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பி வேலை செய்கிற இலவச சாஃப்ட்வேர், எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்ளை கொடுக்கும்வரை டிஸ்க்கைத் தொடாது, செய்யப்போவதை எல்லாம் கீழே வரிசையாகக் காட்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த நிதானம் இல்லை, யெஸ் சொன்ன கணமே முடித்துவிடும். ஆனாலும் உனக்கு ஜிபார்ட்டட் வேண்டாம் என்கிறேன். தள்ளுவது என்றால் டி-யில் இருக்கிற அத்தனை படத்தையும் படித்து வேறு இடத்தில் திரும்ப எழுதுவது. மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால், பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாகக் கிடக்கும். புது டிஸ்க் கையில் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

இப்படிச் செய். டி-யில் உள்ள எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்குக் காப்பி பண்ணு. கட் பண்ணாதே, காப்பி. முடிந்ததும் ரெண்டு பக்கமும் ப்ராபர்ட்டீஸ் திறந்து ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒத்துப்போகிறதா பார். பழைய கல்யாணம் ஒன்று, போன மாசத்தது ஒன்று என்று நாலைந்து ஃபோல்டரைத் திறந்து படங்களைப் பெரிதாக்கியும் பார். இன்னும் டெலிவரி கொடுக்காத வேலைகளை மட்டும் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் போட்டு, அதைக் கழற்றி பீரோவில் வை. ஏனென்றால் டி-யை அழித்த நிமிஷம் உன்னிடம் இருப்பது ஒரே பிரதி.

அப்புறம் டி-யில் ரைட் கிளிக், டெலிட் வால்யூம். அந்த இடம் கறுப்பாக, அன்அலகேட்டட் என்று மாறும். பச்சை நிறத்தில் ஃப்ரீ ஸ்பேஸ் என்று வந்தால், அது எம்பிஆர் டிஸ்க்கின் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன். அதையும் ஒரு தடவை டெலிட் பண்ணினால்தான் கறுப்பாகும். இப்போது சி-யில் ரைட் கிளிக் பண்ணிப் பார், எக்ஸ்டெண்ட் வால்யூம் உயிரோடு இருக்கும். 150 ஜிபி கூட்டு. மீதியில் புதிதாக ஒரு வால்யூம் போட்டு என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மட். டெலிவரி முடியாத வேலைகளின் ரெண்டாவது பிரதி இனிமேல் அங்கேதான் இருக்கும். நீ கேட்ட பத்திரம் அதுதான், ரெண்டு டிரைவில் இல்லை, ரெண்டு டிஸ்க்கில்.

புது டிஸ்க்குக்கு டி என்ற எழுத்தையே கொடுத்துவிடு, சேஞ்ச் டிரைவ் லெட்டர் என்று அதே மெனுவில் இருக்கிறது. உன் ஆல்பம் சாஃப்ட்வேர் படங்களை எல்லாம் டி என்ற முகவரியில்தான் தேடும். எழுத்து மாறினால் பக்கத்துக்குப் பக்கம் "படம் காணோம்" என்று காட்டிக் கழுத்தறுக்கும். சி-யின் எழுத்தை மட்டும் தொடாதே.

சி-க்கும் டி-க்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் என்று சின்னதாக ஒரு கட்டம் நின்றால் வேலையை அங்கேயே நிறுத்து. அது இருக்கிறவரை சி வளராது. அதற்கு வேறு வழி இருக்கிறது, நான் வரும்போது செய்து தருகிறேன். யூடியூபில் ஒருத்தர் டிஸ்க்பார்ட்டில் போய் க்ளீன் என்று அடிக்கச் சொல்வார், கேட்காதே. அது யெஸ், நோ கூடக் கேட்காமல் டிஸ்க்கின் பட்டியலையே துடைத்துவிடும்.

இவ்வளவு சொல்லியும் கை தவறி வேறு எதையாவது அழித்துவிட்டால் பயப்படாதே, ஆனால் அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாதே. பார்ட்டிஷனை டெலிட் பண்ணுவது பட்டாவில் பெயரை அடிப்பது மாதிரி. நிலமும் கிணறும் இருந்த இடத்தில்தான் இருக்கும், வேறு ஆள் வந்து உழுகிறவரை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடு. டெஸ்ட்டிஸ்க் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, கிறிஸ்டோஃப் கிரெனியர் என்பவர் எழுதியது. தொலைந்த பார்ட்டிஷனின் எல்லையைத் தேடிப் பட்டியலில் திரும்ப எழுதும். அதோடு கூடவே வருகிற ஃபோட்டோரெக், பட்டியலே இல்லாமல் போனாலும் ஜேபெக், ரா படங்களை அவற்றின் தொடக்க அடையாளத்தை வைத்துப் பொறுக்கி எடுக்கும். ஃபைல் பெயர்தான் கிடைக்காது. எந்தப் படம் எந்தக் கல்யாணம் என்று நீதான் முகத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். இதெல்லாம் சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கில்தான். எஸ்எஸ்டியில் ஃபார்மட் பண்ணினால் டிரிம் கட்டளை போய், அது உள்ளுக்குள்ளேயே கழுவிவிடும். பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

வைகாசி முகூர்த்தம் தொடங்குவதற்கு முன்னால் இதை முடித்துக்கொள். டெலிட் கொடுப்பதற்கு முன் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை அப்படியே போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பு. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற நம்பரை நம்பாதே, அளவைப் பார்த்து அடையாளம் கண்டுகொள். நான் சரி என்று பதில் போட்ட பிறகு அமுக்கு. பகலில் என் கடையில் ஆள் இருக்கும், ராத்திரி எட்டரைக்கு மேல் அனுப்பு.

மருமகளுக்கு அத்தை கேட்டதாகச் சொல். அவள் கேட்ட கலர் பென்சில் டப்பாவை அடுத்த வாரம் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா